பழந்தமிழ் நூல்களோடு ஓர் ஆண்டு

(வெள்ளி விழாக் கூட்டத்தில் படிப்பகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



நம் கல்விக் கழகம் கால் நூற்றாண்டை நிறைவு செய்யும் இந்நன்னாளில், வருகின்ற ஆண்டு முழுவதற்குமான ஒரு வாசிப்புத் திட்டத்தை அவையின்முன் வைக்குமாறு படிப்பகக் குழுவினராகிய எங்களைப் பணித்துள்ளீர்கள். விழா மேடையில் சாதனைகளைக் கூறுவதே வழக்கம். நாங்களோ ஒரு தோல்வியைக் கூறித்தான் தொடங்க வேண்டியுள்ளது. அதனைக் கூறாமல் இத்திட்டம் ஏன் இவ்வாறு அமைந்தது என்பதை விளக்க இயலாது.

நம் படிப்பகத்துக்கு மாலை வேளையில் வருவோர் குறையவில்லை. விளக்கு ஏற்றியது முதல் அணைக்கும் வரை பெஞ்சுகள் நிறைந்தே உள்ளன. ஆயின் அவர்கள் கையில் இருப்பவை யாவை? தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்குரிய வினா விடைத் தொகுப்புகள். இதனை நாங்கள் குறையாகக் கூறவில்லை. நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் கிராம நிர்வாக அலுவலராக நாற்காலியில் அமர்வது, நம் பாட்டன்மார் எந்தத் திண்ணையின் ஓரத்தில் கைகட்டி நின்றனரோ அந்தத் திண்ணைக்கு நாம் கூறும் விடையாகும். அத்தேர்வுகளில் தமிழும் உண்டு. எட்டுத்தொகை நூல்கள் எவை, மணிமேகலையை இயற்றியவர் யார், சிலப்பதிகாரத்தில் காண்டங்கள் எத்தனை என்று கேட்டால் நம் பிள்ளைகள் கண்ணிமைக்கும் முன் விடை கூறுவர். அந்நூல்களுள் ஒன்றையேனும் விரித்துப் படித்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். வீட்டின் முகவரியை மனப்பாடம் செய்துகொண்டு வாயிற்படியை மிதியாமல் திரும்புவது போன்றது இது.

இக்குறையைப் போக்கச் சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு முயற்சி செய்தோம். ஞாயிறுதோறும் புறநானூறு படிப்பது என்று முடிவாயிற்று. முதற்பாட்டிலிருந்து வரிசையாக, வாரத்திற்குப் பதினான்கு பாட்டுகள். தமிழறிந்த பெரியவர் ஒருவரை அழைத்து விளக்கம் கூறச் செய்தோம். அவர் நல்லவர். தமிழர் வீரம், தமிழர் கொடை, தமிழர் பண்பாடு என்று ஒரு மணி நேரம் முழங்குவார். நாங்களும் கைதட்டுவோம். பாட்டைப் படிக்க இறுதியில் கால் மணி நேரம் கிடைக்கும்.

ஆறாம் வாரம் 82ஆம் பாட்டு வந்தது. சாத்தந்தையார் பாடியது. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளியின் போர் விரைவைப் புகழ்வது. அதில் ஓர் உவமை உண்டு. ஊரில் திருவிழா, அதற்குரிய பணிகள் காத்துக் கிடக்கின்றன. வீட்டிலே மனைவி பிள்ளைப்பேற்று வேதனையில் இருக்கின்றாள். மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்நேரத்தில் கட்டில் பின்னுகின்ற தொழிலாளி ஒருவன் கையிலுள்ள ஊசி எத்துணை விரைவாகப் பாயுமோ, அத்துணை விரைவானது மன்னன் செய்த போர் என்கிறார் புலவர். அன்று பாட்டை உரக்கப் படித்த தம்பி அத்தொழிலாளியைக் குறிக்கும் சொல்லை அடைந்தான். 'இழிசினன்' என்பது அச்சொல். ஒருமுறை படித்தான். மறுபடியும் பார்த்தான். பின் நூலை மூடி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே சென்றான். விளக்கம் கூற வந்தவர், அக்காலத்தில் அச்சொல்லுக்கு இழிவுப்பொருள் இல்லை என்று ஏதோ கூறிச் சமாளித்தார். எங்களுக்கும் வேறு சொல்லத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு பாதிப் பேர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு கூட்டமே நடைபெறவில்லை.

அந்தத் தம்பியிடம் அன்று நாங்கள் கூறியிருக்க வேண்டியதை இன்று கூற முயல்கின்றோம்.

அச்சொல் இழிவுடையதே. அதனை மழுப்புவது நம் வேலையன்று. 287ஆம் பாட்டிலும் துடி முழக்குவோனையும் பறை முழக்குவோனையும் விளிக்கையில் இத்தகைய சொற்கள் வருகின்றன. ஆயினும் அந்தச் சொல்லோடு நூலை மூடிவிட்டால் அப்பாட்டின் மற்றொரு பாதி நமக்குக் கிட்டாமற் போகும். மழையையும் பேறுகால வேதனையையும் விழாக் கடமையையும் ஒருசேரத் தலையில் சுமந்துகொண்டு, கை பிழையாமல் வேலை செய்யும் ஒரு மனிதனை அப்புலவர் கண்ணால் கண்டிருக்கின்றார். மன்னனின் வீரத்திற்கு ஒப்புச் சொல்ல அவருக்கு வேறு எவரும் கிடைக்கவில்லை. அத்துணை நுணுக்கமாகக் கண்டவர் அம்மனிதனின் பெயரைக் கேட்கவில்லை. ஊரார் கொடுத்த இழிபெயரையே எழுதினார். நம் முன்னோரின் உழைப்பு எத்துணைக் கண்கூடாக இருந்தது, அவர்களுக்குரிய மதிப்பு எத்துணை எளிதாக மறுக்கப்பட்டது என்பவற்றுக்கு இதைவிடப் பழைய சான்று நமக்கு எங்கே கிடைக்கும்? இச்சான்றினை நாம் படியாமல் விட்டால், படித்தவர்கள் கூறுவதையே கேட்டுக்கொண்டிருக்க நேரும்.

இவ்விடத்தில் ஐயம் ஒன்று எழலாம். இந்நூல்கள் உயர்குடியினர் வீட்டுச் சொத்தாயிற்றே, நமக்கும் அவற்றிற்கும் என்ன தொடர்பு என்று நம்மவர் சிலர் கேட்கின்றனர். இது வரலாறு அறியாமையால் வரும் கேள்வி. 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் உ. வே. சாமிநாதையரைச் சேலம் இராமசுவாமி முதலியார் கண்டு, என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று ஐயர் அடுக்கினார். சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று முதலியார் கேட்டபோது இல்லை என்றே கூற வேண்டியதாயிற்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கரே அந்நூல்களை அதுவரை படித்திருக்கவில்லை. அதன் பின்னரே அவர் ஏடு தேடி அலைந்து சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும், மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார். ஆகவே இந்நூல்கள் அச்சேறி ஏறத்தாழ நூற்றிருபது, நூற்றுமுப்பது ஆண்டுகளே ஆகின்றன. பெரும்பாலோர் வீட்டில் இவை தலைமுறை தலைமுறையாக நாள்தோறும் ஓதப்பட்டு வரவில்லை. அச்சு நூல் என்ற அளவில் எல்லாரும் ஒரே காலத்தில்தான் தொடங்கினர். நாம் பின்தங்கியது பள்ளிக்கூட வாயிலில்.

அத்துடன், தொடக்கத்திலேயே நம்மவர் கை இதில் இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1845இல் பிறந்தவர். காத்தவராயன் என்ற இயற்பெயரை விடுத்துத் தம் ஆசிரியரின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டவர். அவர் ஒரு செய்தியை எழுதி வைத்துள்ளார். தம் பாட்டனார் கந்தப்பன் என்பார், தாம் பணிபுரிந்த ஆரிங்டன் துரையின் வாயிலாகத் திருக்குறள் ஏட்டையும் நாலடியார் ஏட்டையும் எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்பதே அது. திருக்குறள் 1812இல் முதன்முதலாக அச்சேறியது. அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கிய எல்லிஸ் 1819இல் மறைந்தார். துரை வீட்டில் ஊழியம் செய்த ஒரு மனிதரின் இல்லத்தில் குறள் ஏடு இருந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

அயோத்திதாசர் 1907ஆம் ஆண்டு சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைப் பௌத்தக் கண்ணோட்டத்தில் மறுவாசிப்புச் செய்து வாரந்தோறும் எழுதினார். வள்ளுவர் நூலுக்குத் 'திரிக்குறள்' என்று பெயர் கொண்டு புத்துரை வரைந்தார். அவ்வுரை முற்றுப் பெறுமுன் 1914இல் மறைந்தார். அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் அனைத்தையும் இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. நாமும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் உரை செய்யும் உரிமை நமக்கு உண்டு என்று அவர் எழுந்து நின்றாரே, அந்நிலையை நாம் ஏற்கலாம். அவ்விதழைப் படித்தவர் யாவர்? கோலார் தங்கவயலில் நிலத்தடியில் பாறை உடைத்த தொழிலாளர் பலர் படித்தனர். சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை அங்கே இருந்தது. பண்டிதர் மறைவுக்குப் பின் 1926 முதல் ஜி. அப்பாத்துரையாரை ஆசிரியராகக் கொண்டு அதே இதழ் அத்தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சுரங்கத்திலிருந்து ஏறி வந்து குளித்துவிட்டு மணிமேகலையைப் பற்றி வாதிட்ட மக்கள் இருந்தார்கள் என்றால், ஏலத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து வாதிட நம்மால் ஏன் இயலாது?

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் பயில விரும்பியும் மறுக்கப்பட்டுப் பாரசீகம் பயில நேர்ந்ததையும், பின்னர்த் தாமே முயன்று சமஸ்கிருத நூல்களைக் கற்று அவற்றின் சொற்களைக் கொண்டே வழக்காடியதையும் நீங்கள் அறிவீர்கள். விரித்துரைக்கத் தேவையில்லை.

இனி நம் மண்ணைப் பற்றி. 2006ஆம் ஆண்டு நம் மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றில் இருப்பவை தமிழி எழுத்துகள். கிறித்து பிறப்பதற்கு இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவை என்று ஆய்வாளர் காலம் குறிக்கின்றனர். அவற்றுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனுக்காக எடுக்கப்பட்டது. 'ஆகோள்' என்னும் சொல் அதில் உள்ளது. தொல்காப்பியம் வெட்சித் திணையில் வழங்கும் அதே சொல், வைகைக் கரையில், யாரோ ஒருவர் உளி கொண்டு வெட்டியபடி நிற்கிறது. அரண்மனையும் தலைநகரும் இல்லாத ஊர் அது.

புறநானூற்று 335ஆம் பாட்டு மாங்குடி கிழார் பாடியது. ஏடு சிதைந்து சில இடங்களில் சொற்கள் விடுபட்ட பாட்டு. பறையன், பாணன், துடியன், கடம்பன் என்னும் நான்கையே குடிகள் என்று அப்பாட்டு கூறுகிறது. பகைவரைத் தடுத்து நின்று, யானையையும் கொன்று, தானும் வீழ்ந்தவனின் நடுகல்லைத் தவிர நெல் தூவி வணங்கத்தக்க தெய்வம் வேறில்லை என்றும் அதே பாட்டு கூறுகிறது. ஒரே நூலில் 82ஆம் பாட்டும் உண்டு, 335ஆம் பாட்டும் உண்டு. ஒன்றில் இழிபெயர், மற்றொன்றில் முதற்குடிகளுள் ஒன்று. முதலதை மட்டும் காட்டி நம்மைச் சிறுமைப்படுத்துவோரும் உளர். பின்னதை மட்டும் காட்டி, அக்காலத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று நம்மைத் தட்டிக்கொடுத்து அனுப்புவோரும் உளர். இருவரிடமிருந்தும் தப்புவதற்கு முழுநூலையும் நாமே படிப்பதன்றி வேறு வழியை நாங்கள் அறியோம். முன்பு நாங்கள் செய்த பிழை புறநானூற்றில் தொடங்கியதும், அதனை ஒருவர் விளக்கப் பலர் கேட்டதும்.

ஆகவே இம்முறை கதையில் தொடங்குகின்றோம். ஆண்டின் தொடக்கம் சித்திரை முழுநிலவு. முதல் நூல் சிலப்பதிகாரம். புகார்க் காண்டம் 10, மதுரைக் காண்டம் 13, வஞ்சிக் காண்டம் 7, ஆக 30 காதைகள். வாரத்திற்கு இரண்டாகப் பதினைந்து வாரங்களில் முடியும். இக்கணக்கில் வேறொரு பொருத்தமும் உண்டு. புகார் நகரத்து இந்திர விழா சித்திரை முழுநிலவில் தொடங்குவதாக இளங்கோவடிகள் பாடுகிறார். மதுரை எரியுண்டது ஆடி மாதத்துத் தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை என்று நாளும் கிழமையும் குறிக்கிறார். நாம் சித்திரையில் தொடங்கி வாரம் இரண்டு காதை படித்தால், ஆனி கழிந்து ஆடி பிறப்பதையொட்டி வழக்குரை காதைக்கும் வஞ்சின மாலைக்கும் வந்து சேர்வோம். அரங்கேற்று காதையில் ஆடலும் இசையும் பற்றிய நுட்பங்கள் மிகுதி. அங்கே எவரும் மலைத்து நின்றுவிட வேண்டா, விரைந்து கடந்து செல்லலாம். கொலைக்களக் காதையில் மட்டும் விரைதல் கூடாது. அந்த ஒரு காதைக்கே தனியாக ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கியுள்ளோம்.

ஏனெனில் அது நம் கதையை ஒத்தது. வெளியூரிலிருந்து பிழைக்க வந்த ஒருவன் கையில் விலையுயர்ந்த பொருள் இருக்கிறது. அதனாலேயே அவன் கள்வன். அரசன் ஊடலில் இருக்கும் மனைவியிடம் செல்லும் அவசரத்தில், உசாவாமல் ஆணையிடுகிறான். கொல்ல வந்த காவலருள் சிலர் இவன் முகம் கள்வன் முகமன்று என்று தயங்குகின்றனர். அப்போது பொற்கொல்லன் என்ன செய்கிறான்? களவு நூல் கூறும் மந்திரம், மருந்து, நிமித்தம் முதலிய எட்டினையும் எடுத்தோதித் தன் கல்வியாலேயே அவர்களை வாயடைக்கிறான். முடிவில் கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். படித்தவன் சூழ்ச்சியும் படியாதவன் கையும் சேர்ந்து ஓர் உயிரைக் கொன்றன. திருட்டுப் பட்டம் சுமத்தி, விசாரணையின்றி அடிபட்டவர்களின் கதைகள் நம் தெருக்களிலும் உண்டு. அவற்றைச் சொல்லக் கூச்சப்படும் பெரியவர்கள், கோவலன் கதையைப் படிக்கையில் தாமாகவே சொல்லத் தொடங்குவர் என்று எதிர்பார்க்கின்றோம்.

வஞ்சின மாலையிலும் அழற்படு காதையிலும் கடினமான கேள்வி ஒன்று காத்திருக்கிறது. தீக்கடவுளிடம் கண்ணகி, பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விடுத்துத் தீயோர் பக்கமே சேர்க என்கிறாள். அந்நகரின் கூலியாட்களும் துப்புரவு செய்தோரும் எந்தப் பட்டியலில் அடங்குவர்? திட்டத்தை வகுக்கும்போதே எங்களுக்குள் இது குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்தது. அறவோர் என்ற சொல்லுக்குள் எவரும் அடங்கலாம் என்றார் ஒருவர். பட்டியலில் முதலிடம் யாருக்கு என்பதைப் பாருங்கள் என்றார் மற்றொருவர். இவ்வழக்கை நாங்கள் தீர்த்து வைக்கப் போவதில்லை. ஆடி மாதத்தில் நீங்கள் வந்து தீர்க்க வேண்டும்.

அடுத்த பதினைந்து வாரங்கள் மணிமேகலைக்கு. இதுவும் 30 காதைகள். காலம் ஆவணி தொட்டுக் கார்த்திகை வரை. மலையில் ஏலக்காய் எடுக்கும் காலம். விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கேரள எல்லை கடந்து சென்று இருட்டியபின் திரும்பும் தாய்மார் பலர் நம்மிடையே உள்ளனர். ஆதலால் அம்மாதங்களில் கூட்டம் இரவு ஏழரை மணிக்கே தொடங்கும். பசியைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் காப்பியம் தமிழில் வேறில்லை. அதில் ஆபுத்திரன் வரலாற்றை நம் இளைஞர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பது எங்கள் அவா. தாய் கைவிட்ட குழந்தை. பசு பாலூட்டிக் காத்தது. அந்தணன் ஒருவன் எடுத்து வளர்த்தான். வேள்விக்காகக் கட்டியிருந்த பசுவை அவன் அவிழ்த்து விட்டதும் அவன் பிறப்பை இழித்துரைத்தனர். அவனோ தலைகுனியவில்லை. நீங்கள் போற்றும் முனிவர்கள் பசுவின் வயிற்றிலும் மான் வயிற்றிலும் புலி வயிற்றிலும் பிறந்தவர்கள் அல்லரோ என்று அவர்தம் நூல்களைக் கொண்டே மறுமொழி கூறினான். அவன் பிச்சைப் பாத்திரத்தில் கல்லை இட்டனர். மதுரைக்கு வந்து, இரந்து பெற்ற சோற்றைக் குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, மிஞ்சியதைத் தானுண்டு, அம்பலத்தில் படுத்துறங்கினான். அவனுக்குத்தான் அமுதசுரபி கிடைத்தது. அப்பாத்திரமே பின்னர் மணிமேகலை கைக்கு வந்து, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியது. இறுதிப் பகுதியில் வரும் சமயத் தருக்கங்கள் கடினமானவை. விருப்பமுள்ளோர் வீட்டில் படிக்கலாம். மற்றையோர் சுருக்கம் கேட்டால் போதும்.

எஞ்சிய இருபத்திரண்டு வாரங்கள் புறநானூற்றுக்கு. 400 பாட்டுகளையும் அக்காலத்துள் நன்கு படிக்க இயலாது. வாரம் ஐந்தாக நூற்றுப்பத்துப் பாட்டுகளைத் தேர்ந்துள்ளோம். 82ஆம் பாட்டு அவற்றுள் உண்டு. அதனைத் தவிர்க்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, வேண்டா என்று முதலில் கூறியவன் அன்று நூலை மூடி வைத்துச் சென்ற தம்பியே. அப்பாட்டைப் படிக்கும் பொறுப்பையும் அவனே ஏற்றுள்ளான்.

திருக்குறள் வீட்டிற்குரியது. நாளொன்றுக்கு நான்கு குறள் வீதம் படித்தால் 1330 குறளும் 333 நாளில் முடியும். முப்பத்திரண்டு நாள் மிச்சம். நடவு, திருவிழா, காய்ச்சல், கலியாணம் ஆகியவற்றிற்கு அது போதும். உரையைப் பற்றி ஒரு சொல். பரிமேலழகர் பேரறிஞர், ஐயமில்லை. ஆனால் ஒழுக்கம் என்பதற்கு வருணத்தார் தத்தமக்கு விதிக்கப்பட்ட நெறி என்று தம் முன்னுரையிலேயே பொருள் கூறிவிடுகிறார். குறளில் அது இருக்கிறதா, உரையில்தான் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும். எனவே மு. வரதராசனாரின் தெளிவுரை ஒன்று கையில் இருக்கட்டும். ஐயம் வரும் இடங்களில் மணக்குடவர், பரிமேலழகர் இருவரையும் படிப்பகத்தில் ஒப்பிட்டுக் காணலாம். பண்டிதரின் எழுத்துகளும் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று தொகுப்பாக வெளிவந்தன. அவர் உரையையும் பக்கத்தில் வைத்துக்கொள்வோம்.

கூட்டம் நடத்தும் முறையில் சிலவற்றை மாற்றியுள்ளோம். சொற்பொழிவாளர் எவரையும் அழைக்கப் போவதில்லை. பாட்டை ஒருவர் உரக்கப் படிப்பார். அடுத்தவர் அதே பகுதியைப் பேச்சுத் தமிழில் சொல்வார். மூன்றாமவர் கேள்வி கேட்பார். எழுதப் படிக்க அறியாத பெரியவர்களே இம்முறையில் நமக்கு முதன்மையானோர். பெரிய எழுத்து நல்லதங்காள் கதையை ஒருவர் படிக்கத் தெருவே கேட்டு அழுத காலத்தை அவர்கள் கண்டவர்கள். கேட்டுப் படிப்பதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். வீட்டில் தெலுங்கு பேசும் நம் அருந்ததிய உறவினர், இது தமிழ்க்காரர் வேலை என்று ஒதுங்கிவிடலாகாது. காப்பியக் கதையைத் தெலுங்கிலேயே சொல்லட்டும், நாங்கள் கேட்போம்.

இளைஞர் சிலர் வேறொன்று கேட்டனர். கே. டானியலின் 'பஞ்சமர்', பூமணியின் 'பிறகு', பாமாவின் 'கருக்கு', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' என நம் வாழ்வை நேராகப் பேசும் நூல்கள் இருக்க, இரண்டாயிரம் ஆண்டுப் பழமை எதற்கு என்றனர். நேர்மையான கேள்வி. அந்நூல்கள் நம் அலமாரியில் உள்ளன; அட்டை கிழியும் அளவுக்குப் படிக்கப்பட்டும் உள்ளன. அவற்றைப் படிக்க எவருக்கும் துணை தேவைப்படவில்லை. தனியே படித்தால் பாதியில் நின்றுவிடும் நூல்களையே கூடிப் படிக்கத் தேர்ந்தோம். தேர்வுக்குப் படிப்போர், நேரம் வீணாகுமோ என்று அஞ்சினர். வாரத்தில் இரண்டு மணி நேரம் கேட்கின்றோம். வினாத்தாளில் வரும் பெயர்கள் அதன்பின் மனப்பாடம் செய்ய வேண்டியனவாக இரா என்ற அளவுக்கே எங்களால் உறுதி கூற இயலும்.

நூல்களுக்குச் செலவு மிகுதி இல்லை. மூலமும் உரையும் மாவட்ட மைய நூலகத்தில் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இவையனைத்தும் கட்டணமின்றி உள்ளன, கைப்பேசியிலேயே படிக்கலாம். எனினும் கூட்டத்திற்கு அச்சு நூல்கள் வேண்டும் என்பதால், ஒவ்வொன்றிலும் ஆறு படிகள் வாங்கக் கழகம் இசைந்துள்ளது.

ஆண்டின் முடிவைப் பற்றி ஒன்று கூறவேண்டும். கணவனோடு கிழக்கு வாயில் வழியே மதுரைக்குள் நுழைந்த கண்ணகி, தனியளாய் மேற்கு வாயில் வழியே வெளியேறினாள். வைகைக் கரையைப் பற்றிக்கொண்டு மேற்கே நடந்து, பதினான்காம் நாள் மலையேறி வேங்கை மர நிழலில் நின்றாள் என்பது கதை. மதுரையிலிருந்து வைகையின் கரையோடு மேற்கே வருபவர் எங்கே வந்து சேர்வர்? நம் பள்ளத்தாக்குக்கே. கூடலூருக்கு மேலே எல்லை மலையில் உள்ள மங்கலதேவி கோட்டமே அவ்விடம் என்று புலவர் சி. கோவிந்தராசனார் 1960களில் அவ்வழியே நடந்து ஆய்ந்து அறிவித்தார். வேறிடம் கூறும் அறிஞரும் உளர். அங்கே அவளை முதலில் கண்டவர் குன்றக் குறவர். அவர்கள் சேரன் செங்குட்டுவனிடம் கூறிய பின்னரே அரசனும் அறிந்தான், புலவரும் அறிந்தனர். காப்பியத்தின் முதற்சாட்சி அம்மலைமக்களே.

அக்கோட்டம் ஆண்டிற்கு ஒருநாள், சித்திரை முழுநிலவன்று மட்டுமே மக்களுக்குத் திறக்கப்படுகிறது. நூற்கணக்குப்படி கண்ணகி மலைமேல் நின்றது ஆடி அட்டமிக்குப் பதினான்கு நாள் கழித்து. விழாவோ சித்திரையில் நடைபெறுகிறது. ஏன் இவ்வாறு என்று கூட்டத்தில் எவரேனும் ஆராய்ந்து கூறினால் மகிழ்வோம். அடுத்த ஆண்டுச் சித்திரை முழுநிலவன்று, இயன்றோர் அனைவரும் பளியங்குடியிலிருந்து காட்டுப் பாதையில் நடந்தே ஏறுவதாகத் திட்டம். வனத்துறையினர் குறிப்பிட்ட நேரம் வரையே மேலேற விடுவர். ஆகையால் முந்தைய இரவே லோயர் கேம்ப் சென்று தங்க வேண்டும். முழங்கால் வலியுடைய பெரியவர்களுக்குக் குமுளி வழியாக ஜீப் ஏற்பாடு செய்யப்படும். மேலே சென்று குன்றக்குரவையை ஒருமுறை படித்துவிட்டு இறங்குவோம்.

முதற்கூட்டம் இவ்வாண்டுச் சித்திரை முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, படிப்பகத்தின் முன்னுள்ள வேப்பமரத்தடியில். மங்கல வாழ்த்துப் பாடலும் மனையறம்படுத்த காதையும் படிக்கப்படும். படிப்பதற்கு இரு தங்கையரும் ஒரு தம்பியும் பெயர் கொடுத்துள்ளனர். பேச்சுத் தமிழில் சொல்வதற்கு இன்னும் ஆள் வேண்டும். அவை முடிந்து செல்லுமுன் பெயர் தருவோர் வாயிலருகே உள்ள பதிவேட்டில் எழுதிச் செல்லுங்கள். வருவோர் ஒரு குறிப்பேடு கொண்டு வருக. புரியாத சொல், பிடித்த சொல், சினமூட்டிய சொல் என மூன்று பத்திகளாக அதில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.